பென்டைன் மணலில் புதைந்த கார்

கடற்கரைக்குப் போவோம் என்று ஒருவர் கூப்பிட்டால் காற்று வாங்கவும் கால் நனைக்கவும்தான் என்று நாம் நினைப்போம். 2024ஆம் ஆண்டு கோடையில், ஒரு குறுகிய காலப் பயிற்சிக்காக நான் வேல்ஸ் நாட்டில் தங்கியிருந்தேன். நான் தங்கிய வீட்டின் உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைக் கடற்கரைக்கு அழைத்தார். போகும் வழியில்தான், "உங்களுக்கு ஒரு பழைய றேஸ் காரைக் காட்டப் போகிறேன்" என்று சொன்னார்.

எனக்குக் கார்களில் பெரிய ஆர்வம் கிடையாது. நான் வேலை செய்யும் இடத்திலுள்ள பழைய வானைப் பின்னால் நின்று தள்ளிப் பழகியவள் நான். என்றாலும் மரியாதைக்காகத் தலையாட்டினேன். ஆனால் அன்று பார்த்ததையும் கேட்டதையும் இரண்டு நாட்களாக மனதிலிருந்து இறக்கி வைக்க முடியவில்லை. அதனால்தான் சகோதரிகளாகிய உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

கார்மார்தன் என்ற நகரிலிருந்து மேற்கே சென்றால் பென்டைன் கிராமம் வருகிறது. வேல்ஸ் மொழியில் அதன் பெயர் பென்டவின். வழியெல்லாம் பெயர்ப்பலகைகள் இரண்டு மொழிகளில் இருந்தன. வேல்ஸ் மொழி மேலே, ஆங்கிலம் கீழே. சிறிய மொழியொன்றைப் பேசும் மக்கள் தமது ஊர்ப் பெயர்களைத் தமது எழுத்திலேயே வைத்திருப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. கவிஞர் டிலன் தோமஸ் வாழ்ந்த லார்ன் என்ற சிற்றூரும் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

பென்டைன் கடற்கரை சுமார் 7 மைல், அதாவது 11 கிலோமீற்றர் நீளமானது. கடல் வற்றும் நேரத்தில் தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கிப் போக, மண் தட்டையாகவும் இறுக்கமாகவும் வெளியே தெரிகிறது. நடந்தால் கால் புதையவில்லை. சீமெந்து நிலத்தில் நடப்பது போல இருந்தது. இந்த இறுக்கமான மண்தான் இந்தச் சின்னக் கிராமத்தை உலகம் அறியச் செய்தது.

1920களில் பிரித்தானியாவில் அதிவேகமாகக் கார் ஓட்டிப் பார்ப்பதற்கு ஏற்ற நீண்ட நேரான பாதை இருக்கவில்லை. லண்டனுக்கு அண்மையில் புரூக்லண்ட்ஸ் என்ற ஓட்டத்திடல் 1907ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டிருந்தது. ஆனால் அது சுற்றிச் சுற்றி ஓடும் திடல். அதன் கொங்கிறீற்றுத் தளமும் மேடுபள்ளமானது. தரைவேகச் சாதனைக்கு ஒரு திசையில் ஒரு தடவையும் எதிர்த்திசையில் ஒரு தடவையும் ஓடி, இரண்டின் சராசரியைக் காட்டவேண்டும். அதற்கு நீண்ட நேரான இடம் தேவை. எனவே ஓட்டுநர்கள் பென்டைன் மணலைத் தேடி வந்தார்கள். 1924 முதல் 1927 வரை ஐந்து உலக தரைவேகச் சாதனைகள் இங்கே நிலைநாட்டப்பட்டன.

கடற்கரையை ஒட்டி, 2023ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தரைவேக நூதனசாலை இருக்கிறது. அங்கேதான் அந்தக் காரைப் பார்த்தேன். அதன் பெயர் 'பாப்ஸ்'. பெயர் குழந்தைக்கு வைப்பது போல இருந்தாலும் உருவம் ஒரு பெரிய மிருகம் போன்றது. முன்பக்கம் முழுவதும் எஞ்சின். ஓட்டுபவர் பின்னே ஒரு குழிக்குள் இருப்பது போல இருக்க வேண்டும். இரு பக்கமும் சங்கிலிகள். எங்கள் சைக்கிளில் மிதிக்கும் பல்லிலிருந்து பின்சில்லுக்குச் சங்கிலி போகிறதல்லவா? அதே முறைதான். ஆனால் இந்தச் சங்கிலி சுமார் 450 குதிரைவலுவை இழுத்தது.

இந்தக் காரின் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டு போனால் மூன்று நாடுகளுக்குப் போகவேண்டியிருக்கிறது.

முதலில் இங்கிலாந்தின் கென்ற் மாகாணத்திலுள்ள ஹைகம் மாளிகை. அங்கே லூயிஸ் ஸ்பொரொவ்ஸ்கி என்ற செல்வந்த இளைஞர் வாழ்ந்தார். அவரது தந்தை 1903ஆம் ஆண்டில் பிரான்ஸில் நடந்த கார்ப் போட்டியொன்றில் இறந்தவர். 16 வயதில் தாயையும் இழந்த லூயிஸ், தந்தையை இழந்த அதே விளையாட்டையே தேர்ந்தெடுத்தார். விமான எஞ்சின்களைப் பூட்டிப் பெரிய கார்களை உருவாக்கினார். அவருடைய 'சிற்றி பாங் பாங்' என்ற கார்களின் பெயர்தான் பின்னர் 1964இல் வெளிவந்த ஒரு சிறுவர் கதைப் புத்தகத்துக்கும் தலைப்பானது. அவர் உருவாக்கிய கார்களில் மிகப் பெரியது 'ஹைகம் ஸ்பெஷல்'. அதுதான் நமது பாப்ஸின் பழைய பெயர்.

அதன் எஞ்சின் அமெரிக்காவில் வடிவமைக்கப்பட்டது. 'லிபர்ட்டி' என்று பெயர். 12 சிலிண்டர்கள், 27 லீற்றர் கொள்ளளவு. முதலாம் உலகப் போரில் ஜேர்மனிக்கு எதிரான விமானங்களில் பூட்டுவதற்காக 1917ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. போர் முடிந்த பின்னர் இத்தகைய எஞ்சின்கள் மிதமிஞ்சிக் கிடந்தன. காரின் கியர்ப் பெட்டியோ ஜேர்மனியில், போருக்கு முன்னர் செய்யப்பட்ட ஒரு பென்ஸ் காருடையது. ஆக, ஒருவரோடொருவர் போரிட்ட இரண்டு நாடுகளின் இரும்பு, போர் முடிந்து சில ஆண்டுகளுக்குள் ஒரே சட்டகத்தில் பூட்டப்பட்டு ஒன்றாக ஓடியிருக்கிறது. இதை ஆசிரியை சொன்னபோது நான் அந்த எஞ்சின் மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

1924ஆம் ஆண்டு ஒக்டோபரில் இத்தாலியின் மொன்சா நகரில் நடந்த போட்டியில் ஸ்பொரொவ்ஸ்கியும் இறந்துபோனார். வயது 29. தந்தையும் மகனும் ஒரே விதமாய் முடிந்தார்கள். அவரது சொத்துக்கள் விற்கப்பட்டபோது இந்தக் காரை 125 பவுணுக்கு வாங்கினார் பரி தோமஸ்.

தோமஸ் வேல்ஸ் நாட்டின் ரெக்ஸம் நகரில் பிறந்தவர். பொறியியலாளர். லேலண்ட் மோட்டார் கொம்பனியில் தலைமைப் பொறியியலாளராக இருந்து, வேகத்தின் மீதுள்ள ஈடுபாட்டால் அதை விட்டு விலகியவர். திருமணம் செய்யாதவர். புரூக்லண்ட்ஸ் திடலின் உள்ளேயே ஒரு சிறிய வீட்டில் குடியிருந்து கார்களோடு வாழ்ந்தார். வாங்கிய காரைப் பிரித்து, பிஸ்டன்களைத் தானே வடிவமைத்து மாற்றி, 'பாப்ஸ்' என்று புதுப்பெயர் சூட்டினார். 1926 ஏப்ரல் மாத இறுதியில் இந்த மணலில் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இரண்டு உலக சாதனைகளை நிலைநாட்டினார். இரண்டாவது நாள் வேகம் மணிக்கு 171 மைல், ஏறத்தாழ 275 கிலோமீற்றர்.

அடுத்த ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி மல்கம் கம்பெல் என்பவர் இதே மணலில் மணிக்கு ஏறத்தாழ 175 மைல் ஓடி அந்தச் சாதனையை முறியடித்தார். அதை மீட்பதற்காக 1927 மார்ச் 3ஆம் திகதி தோமஸ் மீண்டும் பாப்ஸோடு வந்தார். முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது கார் கட்டுப்பாடிழந்து புரண்டது. தலையில் பட்ட பயங்கரக் காயத்தால் அவர் அந்த இடத்திலேயே உயிரிழந்தார். அதே மாதம் 29ஆம் திகதி அமெரிக்காவின் டேடோனா கடற்கரையில் ஹென்றி சீகிரேவ் மணிக்கு 203 மைலைக் கடந்துவிட்டார். ஒரு மனிதர் உயிரைக் கொடுத்துத் துரத்திய இலக்கம், 26 நாட்களில் பழைய இலக்கமாகிவிட்டது.

தோமஸின் உடலை புரூக்லண்ட்ஸுக்கு அருகே பைஃபிளீட் என்ற ஊரின் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். காரைத் திருத்த எவருக்கும் மனம் வரவில்லை. நொறுங்கிய காரை இந்தக் கடற்கரை மணலிலேயே கிடங்கு வெட்டிப் புதைத்துவிட்டார்கள்.

ஆண்டுகள் கழிந்தன. 1933 யூலை 22ஆம் திகதி, இதே மணலை ஓடுபாதையாகக் கொண்டு, பெண் விமானி ஏமி ஜோன்சன் தன் கணவரோடு அமெரிக்காவுக்குப் பறந்தார். அவர் 1930இல் இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குத் தனியே விமானம் ஓட்டிச் சென்ற முதலாவது பெண். பின்னர் இரண்டாம் உலகப் போர் வந்தது. பென்டைன் கடற்கரை படைத்துறையின் சோதனைத் தளமாயிற்று. கார் புதைந்திருந்த இடம் வேலிக்குள் அகப்பட்டது.

1969ஆம் ஆண்டில் பங்கோர் தொழில்நுட்பக் கல்லூரியின் விரிவுரையாளர் ஓவன் வின் ஓவன் என்பவர் அதைத் தோண்டி எடுக்க முன்வந்தார். நினைத்தவுடன் மண்வெட்டியோடு போய்விட முடியவில்லை. பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். அதைவிட முக்கியம், தோமஸின் குடும்பத்தாரின் சம்மதம். எதிர்ப்பும் இருந்தது. இறந்தவரின் நினைவாகப் புதைத்ததை ஏன் கிளறவேண்டும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். "அந்தக் கேள்வி பிழையான கேள்வி அல்ல" என்று ஆசிரியை சொன்னார். ஓவன் அவசரப்படாமல் உரியவர்களின் சம்மதத்தைப் பெற்ற பிறகே வேலையைத் தொடங்கினார்.

42 ஆண்டுகள் உப்பு மண்ணில் கிடந்த கார் எப்படி இருந்திருக்கும் என்று கடலோரத்தில் வாழ்ந்த நமக்குச் சொல்லத் தேவையில்லை. கூரைத் தகரமே சில மாரிகளுக்கு மேல் தாங்குவதில்லை. மேற்தகடுகள் உப்பால் அரிக்கப்பட்டிருந்தன. இரும்பு துருப்பிடித்திருந்தது. ஓவன் எஞ்சியதை எல்லாம் கழற்றித் துப்புரவாக்கி, காப்பாற்றக் கூடியதைக் காப்பாற்றி, முடியாததற்குப் பதிலாக அதே வகைப் பாகங்களைத் தேடியும் புதிதாகச் செய்தும் பூட்டினார். சுமார் 15 ஆண்டுகள் சென்றன. கடைசியில் எஞ்சின் மீண்டும் உறுமியது. பல ஆண்டுகளாக அந்தக் கார் பென்டைனிலும் புரூக்லண்ட்ஸ் நூதனசாலையிலும் மாறி மாறிக் காட்சிக்கு வைக்கப்பட்டு வந்திருக்கிறது.

தோண்டி எடுத்ததால் இன்னொன்றும் நடந்தது. காரின் சங்கிலி அறுந்து தோமஸின் தலையில் அடித்ததாலேயே அவர் இறந்தார் என்று நெடுங்காலமாக ஊரெல்லாம் சொல்லப்பட்டு வந்தது. காரின் எச்சங்களையும் பழைய புகைப்படங்களையும் வைத்து ஆராய்ந்தவர்கள் அந்தக் கதையைச் சந்தேகித்தார்கள். பின்சில்லு ஒன்று பழுதாகிக் கார் புரண்டிருக்கலாம், புரண்டபோதுதான் காயம் ஏற்பட்டிருக்கலாம் என்ற கருத்து உருவானது. தோண்டியதால் இறந்தவர் திரும்பி வரவில்லை. ஆனால் அவர் எப்படி இறந்தார் என்ற கேள்விக்கு, கேட்டுப் பழகிய பதிலைவிட நேர்மையான ஒரு பதிலைத் தேட முடிந்தது.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பாதிப் பாகங்கள் போய், புதிதாகப் பூட்டினால் அது பழைய பாப்ஸ்தானா? ஆசிரியையிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, இந்தக் கேள்விக்கு நீதிமன்றமே ஒரு தடவை பதில் சொல்லியிருக்கிறது என்றார்.

'பழைய முதலாம் இலக்கம்' என்று அழைக்கப்படும் பென்ட்லி கார் ஒன்று இருக்கிறது. பிரான்ஸில் நடக்கும் லு மான் 24 மணித்தியாலப் போட்டியில் 1929இலும் 1930இலும் வென்றது. அதன் பிறகு அது பல தடவை பிரித்து மாற்றப்பட்டது. பிற்காலத்தில் அதை ஒரு கோடி பவுணுக்கு விற்க ஒப்பந்தம் செய்தபோது, வாங்க இருந்தவர்கள் இது உண்மையான கார் அல்ல என்று மறுத்தார்கள். 1990ஆம் ஆண்டில் லண்டன் மேல் நீதிமன்றம் வழக்கை விசாரித்தது. 1929இல் இருந்த பாகங்களில் மிகச் சிலவே எஞ்சியிருந்தன என்பது உண்மை. ஆனால் அந்தக் கார் ஒருநாளும் இல்லாமற் போகவில்லை, ஒரேயடியாகக் கலைக்கப்பட்டு வேறொன்றாகவும் ஆக்கப்படவில்லை, அந்தப் பெயருக்கு உரிமை கோரும் வேறு காரும் கிடையாது. எனவே ஆதியில் இருந்தபடியே இருக்கிறது என்று சொல்ல முடியாவிட்டாலும், இதுவே உண்மையான 'பழைய முதலாம் இலக்கம்' என்று நீதிபதி தீர்ப்பளித்தார்.

பழைய காரின் அடையாளத்தை நிறுவுவதற்குப் பல வழிகள் இருக்கின்றன. முதலாவது உலோகம்: சட்டகத்திலும் எஞ்சினிலும் கியர்ப் பெட்டியிலும் குத்தப்பட்ட இலக்கங்கள், திருத்திய இடங்கள், ஒட்டு வைத்த தழும்புகள். இரண்டாவது கடதாசி: தொழிற்சாலைப் பதிவேடு, விற்பனைச் சீட்டு, அரசாங்கப் பதிவு, போட்டி நிரல். மூன்றாவது புகைப்படம். நான்காவது ஆட்களின் வாய்மொழி. எல்லாவற்றையும் விட முக்கியமானது, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போன தொடர் அறுபடாமல் இருப்பது. ஒன்றில் இடைவெளி வந்தால் மற்றது அதை நிரப்பவேண்டும். ஒன்றையும் தனியாக நம்பக் கூடாது. தகட்டைக் கழற்றி வேறு காரில் பூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சகோதரிகளே, இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் மனம் பென்டைனில் இருக்கவில்லை.

2009க்குப் பிறகு, துருப்பிடித்த வாகனங்களும் சைக்கிள்களும் குவிந்து கிடந்த இடங்களில் தம் வீட்டுப் பொருளைத் தேடி நடந்த பெண்களை உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலர் அப்படி நடந்தவர்கள். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் தன் கணவரின் சைக்கிளைக் கண்டுபிடித்தார். ரயர் இல்லை, இருக்கை இல்லை. பதிவுத்துண்டும் இல்லை. சட்ட இலக்கத்தைத் துரு தின்றுவிட்டது. "இலக்கம் சொல்லுங்கோ" என்று கேட்டவர்களுக்கு அவர் பின்கரியரைக் காட்டினார். கணவர் தன் கையால் ஒட்டு வைத்த இரும்புத்துண்டு அதில் இருந்தது. பிள்ளையை ஏற்றிச் செல்வதற்காக வைத்த துண்டு அது. "அவர் ஒட்டினால் ஒருபக்கம் தடித்துத்தான் இருக்கும், தம்பி" என்றாராம். அது அவருடைய சைக்கிள்தான் என்பதை அந்த ஒட்டுத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. அவரது கணவர் இன்றுவரை வரவில்லை.

ஒரு காரின் கதையை நமது கதையோடு ஒப்பிட எனக்குத் தயக்கம்தான். தோமஸுக்குப் பெயர் எழுதிய கல்லறை இருக்கிறது. எந்த நாள், எந்த இடம் என்று தெரியும். நம்மில் எத்தனையோ பேருக்கு அதுகூட இல்லை. மண்ணைத் தோண்டுவது என்ற சொல்லைக் கேட்டாலே நித்திரை போய்விடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே ஒப்பீட்டை இந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் ஒரு இரும்புப் பொருளுக்கே உரியவரின் சம்மதத்தைக் கேட்டு, அளந்து, படமெடுத்து, எழுதி வைத்து, 15 ஆண்டுகள் பொறுமையாக உழைக்க முடியுமென்றால், மனிதர்களின் விடயத்தில் அதைவிடக் குறைவாக எவரும் நம்மிடம் சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்பதை மட்டும் எழுதாமல் விட முடியவில்லை.

நூதனசாலையை விட்டு வெளியே வந்தபோது கடல் திரும்பி ஏறத் தொடங்கியிருந்தது. ஆசிரியை தன் வெந்நீர்ப் போத்தலிலிருந்து தேநீர் ஊற்றித் தந்தார். கார் புதைந்திருந்த பக்கத்தைக் கையால் காட்டினார். அந்தப் பக்கமெல்லாம் புல் முளைத்த மணல்மேடுகள்தான் தெரிந்தன.

ஊர் திரும்பியதும் எங்கள் மாதர் குழுவின் மாதாந்தக் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். அன்றே ஒரு சிறு வேலையைத் தொடங்கினோம். நீங்களும் செய்யலாம். ஒரு நாற்பது பக்கக் கொப்பி போதும். வீட்டில் உள்ள சைக்கிளின் சட்ட இலக்கத்தை எழுதுங்கள். அநேகமாக இருக்கைக்குக் கீழுள்ள குழாயில் அல்லது மிதிகட்டை அச்சின் அடியில் அது குத்தப்பட்டிருக்கும். மோட்டார் சைக்கிள் இருந்தால் எஞ்சின் இலக்கத்தையும் செஸி இலக்கத்தையும் எழுதுங்கள். தையல் மெசினுக்கும் இலக்கம் உண்டு. பிறப்பு, விவாகப் பதிவு இலக்கங்களையும் அடையாள அட்டை இலக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் விசாரித்துப் பிரதி பெறலாம். பதிவு இலக்கம் தெரிந்தால் தேடுவது சுலபம். கொப்பியின் இன்னொரு பிரதியை நம்பிக்கையான உறவினர் வீட்டில் வையுங்கள்.

அன்றைய கூட்டத்தில் எல்லோரும் ஏதோ ஒன்றை எழுதிக்கொண்டிருக்க, மூலையில் இருந்த வயதான அம்மா ஒருவர் சும்மா இருந்தார். எழுதுவதற்குத் தன்னிடம் இலக்கம் ஒன்றும் இல்லை என்றார். எல்லாக் கடதாசியும் ஓடும்போது போய்விட்டதாம். "அப்ப என்ன ஞாபகம் இருக்கோ அதைச் சொல்லுங்கோ அம்மா, நான் எழுதுறன்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தன் மகனின் இடது புருவத்துக்கு மேலே, ஏழு வயதில் மாமரத்தால் விழுந்து வந்த தழும்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அதையும் எழுதிக்கொண்டோம்.